கண்ணாடிப் படகுக்கு ஒட்டுப் போடுவது எப்படி?

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். கரையில் சாய்த்து வைத்திருந்த ஒரு பைபர் படகைச் சுற்றி நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். படகின் முன்புறத்தில், நீர்மட்டத்தை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. அன்று விடியற்காலையில் கடலில் இருந்தபோது தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியதாம். இரண்டு பேர் மாறி மாறித் தண்ணீரை இறைக்க, மூன்றாமவர் எஞ்சினை முடுக்க, எப்படியோ கரை வந்து சேர்ந்துவிட்டார்கள். விரித்த வலை கடலோடு போயிற்று.

ஓட்டை புதியதல்ல. மூன்று மாதத்துக்கு முன்பு பாறையில் இடித்து ஏற்பட்டது. அப்போதே அதன்மேல் கண்ணாடி இழையும் பிசினும் வைத்து ஒட்டுப் போட்டிருந்தார்கள். அந்த ஒட்டுதான் இப்போது பெயர்ந்து, ஒரு மூலையில் மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கியது. படகைச் செப்பனிட வந்திருந்த மேஸ்திரி அதைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். மேற்புறம் சொரசொரப்பாக இருந்தது. உட்புறமோ வழவழவென்று நீல நிறத்தில் பளபளத்தது. படகில் எழுதியிருந்த பெயரில் ஓர் எழுத்தின் கீழ்ப்பாதி, முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக மாறி, அதில் அப்படியே பதிந்திருந்தது.

“ஒட்டு நல்லாத்தான் ஒட்டியிருக்கு சார். ஆனா படகுல ஒட்டல, பெயிண்டுல ஒட்டியிருக்கு” என்றார் மேஸ்திரி.

பெயிண்ட் படகை விட்டது. பெயிண்டோடு சேர்ந்து ஒட்டும் போயிற்று. சரியான ஒட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் இந்தப் படகு எதனால் ஆனது என்று பார்ப்போம்.

கண்ணாடியில் படகா?

பைபர் படகு என்று நாம் சொல்வது கண்ணாடிப் படகுதான். ஜன்னல் கண்ணாடி கல் பட்டால் சில்லுச் சில்லாக உடைகிறது. அதே கண்ணாடியால் செய்த படகு அலையில் மோதியும் உடைவதில்லை. ஏன்?

இதற்கு விடை கண்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கிரிஃபித் என்ற பொறியாளர். 1920-ஆம் ஆண்டை ஒட்டி, அவர் கண்ணாடியை உருக்கி மெல்லிய இழைகளாக இழுத்து, ஒவ்வொன்றையும் எவ்வளவு விசையில் அறுகிறது என்று அளந்தார். இழை மெல்லியதாக ஆக ஆக அதன் வலிமை கூடியது! 1 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடிக் கம்பியைவிட, சில மைக்ரான் தடிமனே உள்ள இழை, அதே குறுக்குவெட்டுப் பரப்புக்கு ஏறத்தாழ 20 மடங்கு இழுவிசையைத் தாங்கியது. (1 மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) கண்ணாடி உடைவதற்குக் காரணம் அதன் மேற்பரப்பில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள். விசை முழுவதும் கீறலின் முனையில் குவிந்து அதைப் பிளந்துகொண்டு போகிறது. மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமே இல்லை அல்லவா?

படகுக்குப் பயன்படும் இழை 10 முதல் 20 மைக்ரான் வரை தடிமன் கொண்டது. நம் தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லியது. இந்த இழைகளைத் துண்டு துண்டாக நறுக்கிப் பாய்போலப் பரப்பியதை ‘மேட்’ என்றும், கயிறுபோலத் திரட்டித் துணியாக நெய்ததை ‘ரோவிங்’ என்றும் பட்டறையில் சொல்வார்கள். இழை மட்டும் இருந்தால் அது துணி, தண்ணீர் ஒழுகும். அதைப் பிசினில் நனைத்து இறுக வைத்தால் பலகை. வைக்கோல் கலந்த மண்சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். இழுவிசையைத் தாங்குவது வைக்கோல். வைக்கோலை அதனதன் இடத்தில் பிடித்து வைப்பது மண்.

நம் கடற்கரையில் இப்படகுகள் வந்தது அண்மைக்காலத்தில்தான். நெடுங்காலம் கட்டுமரம்தான் இருந்தது. அதில் ஒரு மரம் கெட்டால் கயிற்றை அவிழ்த்து வேறு மரம் வைத்துக் கட்டிக்கொள்ளலாம். 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையடிக்கும் கரையிலேயே இறங்கி ஏறக்கூடிய பைபர் படகுகளைச் சோதித்துப் பார்த்தது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து கட்டுமரங்களையும் படகுகளையும் உடைத்துப் போட்ட பிறகு, நிவாரணமாக ஏராளமான பைபர் படகுகள் வந்து சேர்ந்தன. இன்று குப்பத்துக்குக் குப்பம் அவைதாம். ஓட்டை விழுந்தால் கயிற்றை அவிழ்க்கும் வேலை இங்கே உதவாது. கொஞ்சம் வேதியியல் வேண்டும்.

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும்

தெருவில் பிளாஸ்டிக் குடத்துக்கு ஒட்டுப் போடுபவரைப் பார்த்திருப்பீர்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் விரிசலைத் தேய்ப்பார். குடம் அந்த இடத்தில் உருகும். மேலே வைத்த துண்டும் உருகும். இரண்டும் கலந்து ஆறியதும் ஒன்றாகிவிடும். இரும்பைப் பற்றவைப்பதும் இப்படித்தான்.

படகின் பிசின் உருகாது. எவ்வளவு சூடாக்கினாலும் கருகுமே தவிர இளகாது. காரணம் அது இறுகும் விதம். டப்பாவில் வாங்கும்போது பிசின் தேன்போல இருக்கிறது. அதில் பாலியெஸ்டர் என்ற நீண்ட மூலக்கூறுகள், ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைந்திருக்கின்றன. நீண்ட மூலக்கூறுகளில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஸ்டைரீனிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. தூண்டிவிட்டால் இவை திறந்துகொண்டு ஒன்றை ஒன்று பற்றிக்கொள்கின்றன. ஸ்டைரீன் மூலக்கூறுகள் பாலம்போல் நின்று ஒரு பாலியெஸ்டரை இன்னொன்றோடு பிணைக்கின்றன. நாற்புறமும் முடிச்சுப் போட்ட வலைபோல எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன. அப்புறம் மூலக்கூறுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர முடியாது. நகர முடியாததால் உருகவும் முடியாது.

‘சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது’ என்று பழமொழி சொல்கிறோம். படகு சுட்ட மண். அதன்மேல் நாம் வைக்கும் புதுப் பிசின் பச்சை மண். பழைய பிசினில் பற்றிக்கொள்வதற்குத் திறந்த இரட்டைப் பிணைப்புகள் அநேகமாக மிச்சமில்லை. ஆகவே புது ஒட்டு பழைய படகோடு கலந்து ஒன்றாகாது. பசைபோல அதன்மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவ்வளவுதான். படகைச் செப்பனிடும் வேலையில் முக்கால் பங்கு, இந்தக் குறையை ஈடுகட்டச் செய்யும் தந்திரம்.

தந்திரம் உங்களுக்குத் தெரிந்ததே. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுபவர் முதலில் என்ன செய்கிறார்? டியூபை உப்புத்தாளால் கரகரவென்று தேய்க்கிறார். அவசரமாக இருக்கும் நமக்கு அது வீண் வேலையாகத் தோன்றும். தேய்க்கும்போது அழுக்கும் எண்ணெயும் போகின்றன. புதிய பரப்பு வெளியே தெரிகிறது. மேடும் பள்ளமுமாகப் பரப்பளவு கூடுகிறது. ஓட்டையைவிடப் பெரிய துண்டைத்தான் வெட்டி ஒட்டுகிறார் என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

தட்டிப் பார், பிறகு வெட்டு

மேஸ்திரி முதலில் எடுத்தது ஓர் ஐந்து ரூபாய் நாணயம். அதன் விளிம்பால் ஓட்டையைச் சுற்றித் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ‘டக், டக்’ என்று தெளிவாகக் கேட்டது. ஓட்டையின் கீழே ஒரு சாண் தூரத்துக்கு ‘தொப், தொப்’ என்று அமுங்கிய ஓசை. சந்தையில் பானையைத் தட்டி வாங்குவது போலத்தான். மேட்டின் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, நடுவே காற்றோ நீரோ புகுந்திருந்தால் அந்த இடம் ஓசையை விழுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் ஓட்டை உள்ளங்கை அளவு. காதுக்குக் கேட்ட சேதம் அதைப் போல் இரண்டு மடங்கு. தொப்பென்ற இடம் முழுவதையும் சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டி எறிந்தார். படகுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. “அண்ணே, சின்ன ஓட்டையப் பெருசாக்குறீங்களே!” என்றார்.

பிறகு நல்ல தண்ணீரில் கழுவினார்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். உப்பு இருக்கும் இடம் உலராது. உடைந்த விளிம்பில் வெளியே நீட்டிய இழைகளை ஒட்டித் தண்ணீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உள்ளே ஏறியிருக்கும். அதனால் இரண்டு மூன்று நாள் நன்றாக உலர விட வேண்டும். கடலுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லாத நாள் என்பதால், அவசர ஒட்டுகளில் பெரும்பாலும் தவறிப்போவது இந்த உலர்த்தல்தான்.

உலர்ந்ததும் அசிட்டோனில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். இதைத் தேய்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். எண்ணெயோ மெழுகோ இருக்கும் பரப்பை அப்படியே தேய்த்தால், அதைக் கீறல்களுக்குள் நாமே அழுத்தித் திணித்தது போலாகும்.

சரிவாகத் தேய்ப்பதன் கணக்கு

இனி வருவதுதான் முக்கியமான கட்டம். ஓட்டையின் விளிம்பைச் செங்குத்தாக விடாமல், சுற்றிலும் தட்டுப்போலச் சரிவாகத் தேய்க்கிறார்கள். பலகையின் தடிமனைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு இருக்க வேண்டும் என்பது படகு கட்டுபவர்கள் கொள்ளும் கணக்கு. ஏன் இவ்வளவு? நாமே போட்டுப் பார்ப்போம்.

பலகையின் தடிமன் 6 மி.மீ., வெட்டிய ஓட்டை 10 செ.மீ. விட்டமுள்ள வட்டம் என்று வைத்துக்கொள்வோம். விளிம்பைச் செங்குத்தாகவே விட்டு, ஓட்டையில் மட்டும் பிசினை அடைத்தால், புதியது பழையதைத் தொடும் பரப்பு வட்டத்தின் சுற்றளவையும் தடிமனையும் பெருக்கினால் கிடைக்கும்: 31.4 × 0.6, அதாவது ஏறத்தாழ 19 சதுர செ.மீ. இனி 12 மடங்கு சரிவு, அதாவது சுற்றிலும் 7.2 செ.மீ. வெளி வட்டத்தின் விட்டம் 24.4 செ.மீ. ஆகிறது. வெளி வட்டத்தின் பரப்பிலிருந்து ஓட்டையின் பரப்பைக் கழித்தால் சுமார் 389 சதுர செ.மீ. வருகிறது. தொடும் பரப்பு 20 மடங்கு ஆகிவிட்டது! பசை பலவீனமானது என்றால் அதற்கு அதிக இடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

இன்னொரு லாபமும் உண்டு. செங்குத்தான விளிம்பில் அலை மோதும்போது விசை முழுவதும் அந்த ஒரே கோட்டில் இறங்கும். கிரிஃபித்தின் கீறலை நாமே வெட்டி வைத்ததுபோல் ஆகிவிடும். சரிவில் விசை பழைய இழையிலிருந்து புது இழைக்குச் சிறுகச் சிறுகக் கைமாறுகிறது.

எல்லாப் படகுக்கும் இதே கணக்குத்தான். வடதுருவப் பகுதியில் வாழும் இனுவிட் மக்கள் சீல் தோலைச் சட்டத்தின்மேல் தைத்துச் செய்த ‘கயாக்’ என்ற ஒடுங்கிய துடுப்புப் படகை, இன்று விளையாட்டுக்காகக் கண்ணாடி இழையில் செய்கிறார்கள். அதன் பலகை 3 மி.மீ. என்றால் சரிவு 3.6 செ.மீ. போதும். தோல் கயாக்காக இருந்தால் ஊசியும் நூலும் போதும்!

ஓட்டைக்குப் பின்னால், பிசின் ஒழுகாமலிருக்க ஓர் அட்டையை பாலிதீன் தாள் சுற்றி ஒட்டி வைத்தார்கள். அட்டைக்குப் பதில் தெர்மோகோல் வைத்தால் என்ன என்று கேட்டேன். மேஸ்திரி சிரித்துவிட்டு, ஒரு தெர்மோகோல் துண்டின்மேல் சொட்டுப் பிசின் விட்டுக் காட்டினார். துண்டு கண்ணெதிரே குழிந்து கரைந்தது. தெர்மோகோல் ஸ்டைரீனால் ஆன பலபடிதானே! பிசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடுகிறது.

இரண்டு கிராம் திரவம்

இந்த ஒட்டுக்கு எவ்வளவு பொருள் தேவை? சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட், பிசினில் நனைந்து இறுகினால் ஏறத்தாழ 1 மி.மீ. தடிமன் வரும். ஆக 6 அடுக்கு. நம் கணக்கிலுள்ள ஓட்டைக்கு மேட் சுமார் 65 கிராம். அதைப்போல் இரண்டரை மடங்கு பிசின், 165 கிராம். இதை இறுக வைக்கும் மீதைல் எதைல் கீட்டோன் பெராக்சைடு 2 கிராம்தான்!

பட்டறையில் இதைக் ‘காட்டலிஸ்ட்’ என்கிறார்கள். வினையூக்கி என்றால் வினை முடிந்தபின் அப்படியே மிஞ்ச வேண்டும். இந்தப் பெராக்சைடோ பிளந்து, தனி உறுப்புகளாகி, இரட்டைப் பிணைப்புகளைத் திறந்துவிட்டுத் தானும் தீர்ந்துபோகிறது. தொடக்கி என்பதே பொருத்தமான பெயர். அதை விரைவாகப் பிளக்க வைப்பது ஊதா நிறமுள்ள ஒரு கோபால்ட் கரைசல். இது பிசினில் முன்னதாகவே கலந்திருக்கும், அல்லது முதலில் தனியாகக் கலக்கப்படும். கோபால்ட்டையும் பெராக்சைடையும் ஒருபோதும் நேராக ஒன்றோடொன்று சேர்க்கக்கூடாது. தீப்பிடித்து வெடிக்கும். பெராக்சைடு ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். மாணவர்களே, இது வீட்டில் செய்து பார்க்கும் சோதனை அல்ல. பழகியவர் செய்யும்போது, கண்ணாடி அணிந்து, காற்று வரும் பக்கம் தள்ளி நின்று பாருங்கள். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் உடம்பெல்லாம் அரிக்கும். அது மூச்சில் போகாதிருக்க முகமூடி வேண்டும். பல பட்டறைகளில் ஒரு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். அது போதாது.

பெராக்சைடு சேர்ந்ததிலிருந்து கால் மணி, இருபது நிமிடம்தான் கெடு. வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினை ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகும். சித்திரை வெயிலில் டப்பாவிலேயே கெட்டியாகிவிடும். அதனால் காலையில், நிழலில் செய்கிறார்கள். வினையே வெப்பத்தையும் வெளியிடுகிறது. மெல்லப் பரப்பினால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். டப்பாவில் மிஞ்சிய பிசினோ சூடு வெளியேற வழியின்றிப் புகையும். இதே காரணத்தால் ஒரே மூச்சில் ஆறு அடுக்கையும் ஏற்றாமல், மூன்று வைத்து, சூடு தணிந்ததும் மீதியை வைக்கிறார்கள்.

மேட் வெள்ளையாக இருக்கும். பிசின் ஊறியதும் அது கண்ணெதிரே மறைந்து, கண்ணாடிபோல ஆகிவிடும். எண்ணெய் பட்ட காகிதம் ஒளி ஊடுருவுவதுபோல. கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணும் பிசினின் ஒளிவிலகல் எண்ணும் ஏறத்தாழ ஒன்றே, 1.55-ஐ ஒட்டி. அதனால் ஒளி எங்கும் சிதறாமல் நேரே போகிறது. எங்காவது வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே காற்றுக்குமிழ் இருக்கிறது என்று அர்த்தம். பள்ளம் வெட்டிய உலோக உருளையை உருட்டி அதை ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்ற வேண்டும். குமிழை அப்படியே விட்டால் நாளை நாணயம் தட்டும்போது ‘தொப்’ என்று காட்டிக்கொடுக்கும்.

பெரிய துண்டை முதலில் வைப்பதா, சிறியதை வைப்பதா? இதில் பட்டறைக்குப் பட்டறை கருத்து வேறு. நம் மேஸ்திரி சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடித்தார். தட்டு நிரம்புவதுபோல அழகாக நிரம்பியது. பெரியதை முதலில் வைப்பதே மேல் என்பது என் எண்ணம். அப்போதுதான் பழைய பரப்பு முழுவதையும் அறுபடாத ஒரே விரிப்பு பற்றிக்கொள்ளும். பின்னால் மட்டமாக்கத் தேய்க்கும்போது அறுபடுவது மேலேயுள்ள சிறு துண்டுகளாகவே இருக்கும். எபாக்சி பிசின் பாலியெஸ்டரைவிட நன்றாகப் பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் விலை அதிகம். கரையில் எளிதில் கிடைப்பது பாலியெஸ்டர்தான்.

முதல் மூன்று அடுக்குக்கும் அடுத்த மூன்றுக்கும் இடையே மேஸ்திரி தேய்க்கவில்லை. முதலில் ஆச்சரியமாக இருந்தது. தொட்டுப் பார்த்தபோது மேற்பரப்பு விரலில் பிசுபிசுத்தது. காற்றிலுள்ள ஆக்சிஜன் தனி உறுப்புகளைப் பிடித்து வைத்துக்கொள்வதால், காற்று படும் மேல்பூச்சு முழுதும் இறுகுவதில்லை. அங்கே இரட்டைப் பிணைப்புகள் இன்னும் மிச்சம். அதன்மேல் வைக்கும் அடுக்கு அவற்றோடு உண்மையாகவே பிணைந்துவிடும். பச்சை மண்ணோடு பச்சை மண்!

கடைசியில் போடும் ‘ஜெல்கோட்’ என்ற நிறப்பூச்சுக்கு மட்டும் இந்தப் பிசுபிசுப்பு தொல்லை. புதிய படகு கட்டும்போது அச்சுக்குள் முதலில் பூசுவது ஜெல்கோட்தான். அதன் வெளிமுகம் அச்சை ஒட்டி, காற்றுப் படாமல் இறுகிவிடும். ஒட்டுப் போடும்போது வரிசை தலைகீழ். அது காற்றைப் பார்த்து நிற்கும். ஆகவே அதில் சிறிது மெழுகு கலக்கிறார்கள். மெழுகு மேலே மிதந்து வந்து காற்றை மறைத்துக்கொள்கிறது. மெழுகில்லாவிட்டால் ஒரு பாலிதீன் தாளை மேலே போர்த்தி அழுத்தினாலும் போதும்.

மறுநாள் காலை மேஸ்திரி மீண்டும் நாணயத்தை எடுத்தார். பழைய பலகையில் தொடங்கி, சரிவைக் கடந்து, ஒட்டின் நடுவரை தட்டிக்கொண்டே வந்தார். ஓசை மாறவில்லை. ஆனாலும் அன்றே தண்ணீரில் இறக்க விடவில்லை. “ஸ்டைரீன் வாடை இன்னும் அடிக்குது பாருங்க. வாடை போகட்டும்” என்றார். பிணைப்புகள் முற்றும் முடியச் சில நாட்கள் ஆகும். படகுக்காரர் விரலை மடக்கி நாட்களை எண்ணினார். பிறகு பழைய ஒட்டை, நீல எழுத்தோடு, எடுத்து மணலில் புதைத்திருந்த குப்பைக் கூடைக்குள் போட்டுவிட்டு, புது வலைக்குக் கடன் கேட்கக் கிளம்பினார்.